பந்தியும் காட்சிக்கூடமும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை யாழ்ப்பாணத்தார் 'அன்னதானக் கந்தன்' என்கிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் எதற்குள் நுழைந்தாலும் இலை போடுவார்கள். எந்த ஊர், யாருடைய பிள்ளை, எதற்கு வந்தாய் என்ற விசாரணை கிடையாது. வந்தவர் பசியாறிப் போகவேண்டும், அவ்வளவுதான். குடாநாட்டின் அறப்பணி நெடுங்காலமாக இந்தப் பந்தியின் வடிவிலேயே வளர்ந்து வந்திருக்கிறது. அதே குடாநாட்டில் 1930களிலிருந்து ஓவியக் கண்காட்சி என்றொரு வழக்கமும் இருக்கிறது. பந்தி எல்லோருக்கும் உரியதாக இருக்க, கண்காட்சி படித்தவர்களின் காரியமாகவே நின்றுவிட்டது. இன்று அறக்கட்டளைகள் கலைக் கண்காட்சியையும் சமூக உள்வாங்கலையும் ஒரே மூச்சில் பேசுகின்றன. அப்படிப் பேசுகிறவர்கள் கொழும்பையும் ஐரோப்பாவையும் பார்ப்பதற்கு முன் சந்நிதி வீதியில் ஒருதரம் நின்று பார்ப்பது நல்லது. அங்கே கற்க வேண்டியதும் இருக்கிறது, திருத்த வேண்டியதும் இருக்கிறது.

தொண்டைமானாறு வடமராட்சியின் மேற்கு விளிம்பில் உள்ள ஊர். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்த வாய்க்கால்தான் இந்த ஆறு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆறு என்று அழைத்தாலும் உண்மையில் அது கடனீரேரி கடலோடு சேரும் வாய். உவர்நீர் உள்ளே ஏறாதபடி குறுக்கே கதவணை கட்டியிருக்கிறார்கள். உயர்தரம் படித்த வடக்குப் பிள்ளைகளுக்கு ஊரின் பெயர் வேறு காரணத்தால் மனப்பாடம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளின் வினாத்தாளைப் பார்த்துக் கை நடுங்காதவர் குறைவு. ஊரைக் கண்ணால் காணாதவர்கூட அந்த வினாத்தாளைக் கண்டிருப்பார்.

சந்நிதியின் பூசை மரபு, உள்வாங்கல் பற்றிப் பேசுகிறவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று. இங்கே ஆகம முறைப்படி பிராமணக் குருக்கள் பூசை செய்வதில்லை. மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழிலாளிக்கு முருகன் தானே வந்து வேலைக் கொடுத்து, கதிர்காமத்துப் பூசை முறையைக் கற்பித்தான் என்பது தலவரலாறு. அவர் வழிவந்த பூசகர்கள் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திர ஒலி இன்றி மௌனமாகப் பூசை செய்கிறார்கள். 65 ஆலிலைகளில் அமுது படைக்கிறார்கள். கோபுரமும் கொடிமரமும் சமஸ்கிருதமும் இல்லாமல் தெய்வத்தை நெருங்க முடியாது என்று மற்ற ஊர்கள் எண்ணியிருந்த நாட்களில், ஆற்றங்கரையில் ஒரு வேலும் சில ஆலிலைகளும் போதும் என்று காட்டிய இடம் இது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறி அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டத்தால் திறக்க முடியாத கதவுகள் இருந்த அதே குடாநாட்டில்தான், வேதம் படிக்காத கைகள் தொட்டுப் பூசிக்கும் கோயிலும் இருந்தது.

இதற்காகச் சந்நிதியைச் சமத்துவபுரி என்று எழுதிவிடவும் கூடாது. பூசை உரிமை இன்றும் ஒரு வம்சத்துக்குள்தான் நிற்கிறது. சோறு எல்லோருக்கும், உரிமை சிலருக்கு என்ற ஏற்பாடு நமது அறப்பணி முழுவதிலும் உண்டு. அது கோயிலோடு நிற்பதில்லை. வீல்செயாரில் வருகிற ஒருவர் வெளிவீதி மணலில் நாலு முழம் போனதும் தெரிந்துவிடும்: முன்பக்கத்துச் சின்னச் சில்லு இரண்டும் மணலில் புதைந்து நிற்கும், பின்னால் தள்ளுகிறவர் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவார். முருகனுக்கு முதுகைக் காட்டியபடிதான் அவர் சந்நிதானத்தை அடைய வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விட்டால் மணல் இறுகிவிடாது.

ஆனாலும் திருவிழா என்ற அமைப்பு, கண்காட்சிக் கூடம் என்ற அமைப்பைவிட ஒரு விதத்தில் தாராளமானது. ஆவணியில் சந்நிதி மகோற்சவம் நடக்கும் நாட்களில் கண் தெரியாதவருக்கு மேளமும் நாதஸ்வரமும் வழி சொல்லும். கர்ப்பூரமும் சாம்பிராணியும் சுவாமி எந்தப் பக்கம் வருகிறார் என்று காட்டிக்கொடுக்கும். காது கேளாதவருக்குக் காவடியின் ஆட்டமும் தேரின் சிற்பமும் இருக்கின்றன. தேர்வடம் பிடிக்கக் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். வடத்தின் முறுக்கு உள்ளங்கையில் உறைக்கும்போது தேர் நகர்கிறதா நிற்கிறதா என்பது எவருக்கும் தெரியும். வேலைப்பாடு மிகுந்த ஒரு கலைப்படைப்பை ஊர் முழுவதும் கையால் இழுத்து நகர்த்துகிற இந்த வழக்கத்தைக் கலை விமர்சகர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்றே சொல்வேன். சந்நிதியின் பெரிய சித்திரத்தேர் 1986இல் போரின் தீயில் எரிந்தபோது ஊரவர் அழுதது கோயில் சொத்துப் போயிற்றே என்று மட்டுமல்ல. தாங்கள் தொட்டு இழுத்த ஒன்று போய்விட்டதே என்றுதான்.

தேரைச் செதுக்கிய கைகளின் கதை வேறு. வாகனம் செய்தவர், சீலையில் தெய்வ உருவம் எழுதியவர், பந்தலுக்கு வெள்ளை கட்டியவர் என்று யாழ்ப்பாணத்துக் காட்சிக்கலை முழுவதும் சாதித்தொழிலாகவே நடந்தது. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. செய்து முடித்த வாகனத்தின் அருகே பிறகு அவர் எவ்வளவு தூரம் வரலாம் என்பதைக் கோயில் தீர்மானித்தது. பெயர் போட்டு, சட்டமிட்டு, சுவரில் மாட்டும் ஓவியம் இதற்கு மாற்றாக வந்தது. 1938இல் எஸ். ஆர். கனகசபை முன்னின்று அமைத்த வின்சர் சித்திரக் கழகம் யாழ்ப்பாணத்தில் அந்த மாற்றத்தின் தொடக்கம். கழகத்தின் பெயரே காலனிக் காலக் கலைக்கல்வி அதிகாரி ஒருவரிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர்கள்தான் அதன் தூண்கள். பின்னாளில் அ. மாற்கு இந்த வழியை வேறு பக்கம் திருப்பினார். குருநகரில் பிறந்து, சித்திர ஆசிரியராக வேலை பார்த்த அவர் தனக்குக் கிடைத்த நவீன ஓவிய அறிவைத் தேடி வந்த எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். 1987இல் அவரைச் சிறப்பித்து வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு ஈழத்து ஓவியம் பற்றிய நூல்களில் இன்றும் முக்கியமானது. அவரிடம் கற்றவர்களில் பெண்கள் பலர் இருந்தார்கள். 1995 இடப்பெயர்வு அவருடைய படைப்புகளையும் விட்டுவைக்கவில்லை. 2000இல் அவர் காலமானார்.

மாற்கு எந்த அறக்கட்டளையும் நடத்தியவரல்லர். நிதி இல்லை, அறிக்கை இல்லை, இலச்சினை இல்லை. ஆனால் 'யார் ஓவியம் கற்கலாம்' என்ற கேள்விக்கு அவர் தந்த விடை, நிதியோடு வந்த பல திட்டங்களின் விடையைவிடத் தாராளமாக இருந்தது.

2004இல், போர்நிறுத்தக் காலத்தில், யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் 'அகம்-புறம்' என்ற கண்காட்சி நடந்தது. கொழும்பின் தீர்த்த கலைஞர் அமைப்பு முன்னின்று நடத்தியது. எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த கட்டடத்தில், சிங்களக் கலைஞர்களும் தமிழ்க் கலைஞர்களும் சேர்ந்து படைப்புகளை வைத்தது அந்த நாளில் சாதாரண காரியமல்ல. அதில் ஓவியர் தா. சனாதனன் தன் மாணவர்களோடு சேர்ந்து வைத்த 'வரலாறுகளின் வரலாறு' என்ற நிறுவல் இந்தக் கட்டுரைக்கு நேரடியாக வேண்டியது. யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சேகரித்த சில்லறைப் பொருட்களை ஒளிபுகும் கொள்கலன்களில் போட்டு வரிசையாக வைத்தார்கள். ஓவியர் வரைந்ததைப் பார்க்க வந்த சனங்கள் அங்கே தங்கள் வீட்டுப் பொருட்களைப் பார்த்தார்கள். 2011இல் அவர் வெளியிட்ட 'முடிவுறாத தோம்பு' இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டுப் படத்தைக் கட்டடக்கலைஞர் அளவு பிடித்து வரைந்தார், அதற்கு எதிராக ஓவியர் தன் சித்திரத்தை வைத்தார். ஒல்லாந்தர் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கி, அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் வந்த அந்தப் புத்தகத்தில் பென்சில் பிடித்துப் பழகாத கைகள் வரைந்த கோடுகளே முதலில் நிற்கின்றன. கிணறு எங்கே, அடுப்படி எங்கே, மாமரம் எந்த மூலையில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு முன் ஓவியரும் கட்டடக்கலைஞரும் எழுத்தர்களாகிவிடுகிறார்கள். உள்வாங்கல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே காலத்தில் அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்திய கண்காட்சிகள் பல. அவற்றின் அச்சு எல்லோருக்கும் பழக்கமானது. பாடசாலை மண்டபம், வாசலில் றிபன், குத்துவிளக்கு, முன்வரிசையில் துணி போர்த்திய கதிரைகள், மூன்று மணித்தியாலம் பிந்தி வருகிற பிரதம விருந்தினர். விசேட தேவையுள்ள பிள்ளைகள் வரைந்த படங்கள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். படத்தின் கீழே பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் குறைபாட்டின் பெயரும் இருக்கும். பிறகு மேடைக்கு அழைத்துப் பரிசுப் பொதி கொடுத்துப் படம் எடுப்பார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் பொதியை ஒரு முனையில் ஒருவராகப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை அன்று என்ன வரைந்தது என்பது படத்தில் தெரியாது, பொதியில் யாருடைய இலச்சினை என்பது தெரியும். மற்றப் பிள்ளைகளின் ஓவியத்தைப் 'படைப்பு' என்கிறோம், இந்தப் பிள்ளைகளின் ஓவியத்தை 'முயற்சி' என்கிறோம். முயற்சிக்குக் கைதட்டல் உண்டு, விமர்சனம் கிடையாது. யாரும் விமர்சிக்காத கலைஞரை யாரும் கலைஞராக எடுத்துக்கொள்ளவில்லை என்றே பொருள்.

நடத்துகிறவர்களின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பொதியில் உள்ள கொப்பிகளும் சப்பாத்தும் வீட்டுக்கு வேண்டியவையே. சந்நிதி முன்னுள்ள சந்நிதியான் ஆச்சிரமத்தைப் பாருங்கள். மோகனதாஸ் சுவாமிகள் தலைமையில் அது அன்றாடம் அன்னமிடுகிறது. ஏழை மாணவருக்கும் நோயாளருக்கும் வீடில்லாதவருக்கும் கைகொடுக்கிறது. போருக்குப் பின் வடக்கில் அரச இயந்திரம் எட்டாத இடங்களுக்கு அரிசி மூட்டையோடு போன நிறுவனங்களில் ஒன்று அது. அதன் அமைப்புப் பெயரிலேயே 'சைவ கலை பண்பாட்டுப் பேரவை' என்று கலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை நிகழ்வுகளும் 'ஞானச்சுடர்' மாத இதழும் தடையின்றி நடந்துவருகின்றன. வயிற்றுக்கும் செவிக்கும் ஈயும் இந்த ஒழுங்கு நம் ஊரில் வேரூன்றியது. கண்ணுக்கும் கைக்கும் ஈயும் ஒழுங்குதான் இன்னும் தேறவில்லை.

கிழக்கில் ஒரு முன்மாதிரி இருந்தது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்ற இடத்தைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுவந்து, களிமண்ணும் சாயமும் கதையும் கொடுத்து விளையாட விட்டார்கள். மாதக்கணக்கில் அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒருநாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கத்துக்கு நேரெதிரான முறை அது. அங்கே படத்துக்கு யாரும் புள்ளியிடவில்லை. போரில் எதிரெதிராக நின்ற இரு சமூகங்களின் பிள்ளைகள் ஒரே களிமண் குவியலில் கை வைத்தார்கள். தென்னிலங்கையில் சுனேத்ரா பண்டாரநாயக்க 2000இல் நிறுவிய சுனேரா அறக்கட்டளை இதை நடனத்திலும் நாடகத்திலும் செய்தது. லண்டனில் அமிசி நடன அரங்கை நடத்திவந்த வூல்ஃப்காங் ஸ்டாங்கே அதற்கு வழிகாட்டி. காலிழந்த படைவீரரும் டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞரும் குறைபாடு எதுவும் இல்லாதவரும் ஒரே மேடையில் ஆடினார்கள். அனுதாபத்துக்காக நுழைவுச்சீட்டு வாங்கிப் போனவர்கள் நல்ல அரங்கைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கொழும்பில் ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993 முதல் நடத்திவரும் 'கலா பொல' வேறு வகை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் மர நிழலில், தெருவோரத்தில், ஓவியர்கள் படங்களைச் சாத்தி வைத்து நேரே விற்கிறார்கள். கூடத்துக்குள் நுழையக் கூசுகிறவர் தெருவில் நடக்கக் கூசமாட்டார். இது சின்ன உத்திதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

நுழைவாயிலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 லட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்கிறார்கள். வடக்கில் இதற்கு மேல் கண்ணிவெடியும் எறிகணையும் தந்த கணக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சாசனத்தின் 30ஆம் உறுப்புரை அருங்காட்சியகம், அரங்கு, நூலகம் எல்லாவற்றிலும் சமமாகப் பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. தன் படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும் உரிமையையும் சொல்கிறது. பார்வையாளராக உள்ளே விடுவது பாதி, படைப்பாளராக ஏற்பது மறு பாதி. நமது ஏற்பாட்டாளர்கள் சாய்தளம் ஒன்று போட்டதும் முதற்பாதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். மறுபாதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

கலையும் மாற்றுத்திறனும் தொட்டுக்கொண்ட இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கண்காட்சிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் சேர்ந்து செயற்கைப் பாதம் ஒன்றை உருவாக்கினார்கள். அப்போது கிடைத்த மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போட்டு, நாற்காலியில் அமர்ந்து வாழ்கிறவருக்குச் செய்தவை. வெறுங்காலோடு வயலில் நடக்க, குந்த, சம்மணம் கட்ட அவை உதவவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத சர்மாவின் கை உருவத்தை அச்சில் எடுத்துப் பழகிய கை. பாதம் எப்படி வளையும், எங்கே கனம் தாங்கும் என்பதை அது அறிந்திருந்தது. றப்பரிலும் மரத்திலும் அவர் உருவாக்கிய பாதம் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும், மரம் ஏறும். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைப் போரின் நடுவில் இங்கே கொண்டுவந்தது. வெட்டுண்ட காலின் மேல் ஈரச் சாந்துத் துணியைச் சுற்றி, காய்ந்ததும் கழற்றி, அந்த அச்சுக்குள் சாந்து ஊற்றி, வந்த உருவத்தை அரத்தால் இழைத்துச் சரிபார்க்கிறார்கள். சிற்பக்கூடத்தில் நடப்பதும் இதுவேதான். அந்தக் காலோடு ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் வீதியில் நடக்கலாம், மடத்தில் மற்றவரோடு தரையில் சம்மணமிட்டு இலைமுன் இருக்கலாம். ஒரு சிற்பி ஒருவரைப் பந்தியில் சேர்த்துவிட்டார் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. உள்வாங்கலுக்குக் கலை என்ன செய்யும் என்று கேட்கிற நிதி அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி அறக்கட்டளை ஒன்றே காட்சிக்கூடமும் நடத்துகிற யாழ்ப்பாணத்து உதாரணத்துக்கு வருவோம். ஆறு. திருமுருகன் நடத்திவரும் சிவபூமி அறக்கட்டளை 2004இல் கோண்டாவிலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கியது. முதியோர் இல்லம் அதன் பிறகு வந்தது. இயக்கச்சியில் தெருநாய்களுக்கு ஒரு சரணாலயம்கூட உண்டு. 2018இல் நாவற்குழியில் திருவாசக அரண்மனை எழுந்தது. திருவாசகத்தின் 658 பாடல்களையும் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். 2020இல் அதன் அருகிலேயே அரும்பொருட் காட்சியகம் திறந்தது. யாழ்ப்பாணத்து மன்னர்களின் உருவங்களும் வீட்டிலும் வயலிலும் புழங்கி மறைந்த பொருட்களும் அங்கே இருக்கின்றன. அரசு செய்யவேண்டிய வேலையை ஒரு தருமம் தன் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறது. இடப்பெயர்வுகளில் உரலும் பெட்டகமும் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்த சமூகத்தில் இது காலத்தால் செய்த உதவி.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த அம்சம் வேறு. கல்லில் பொறித்த எழுத்தை விரலால் தடவலாம். உரலையும் உலக்கையையும் ஏர்க்காலையும் கையால் அறியலாம். ஓவியக் கண்காட்சி கண்ணை மட்டும் நம்புகிறது. அரும்பொருளுக்கும் சிற்பத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, 'தொடாதீர்கள்' என்ற பலகைதான் அதைக் கொண்டுவருகிறது. ஒரே அறக்கட்டளையின் கையில் விசேட பாடசாலையும் காட்சியகமும் இருப்பது இலங்கையில் அரிய வாய்ப்பு. கோண்டாவில் பிள்ளைகள் பார்வையாளராக வந்துபோவதோடு நில்லாமல், அவர்கள் செய்த மண் உருவமும் பன்னிய பெட்டியும் நாவற்குழியில் நிரந்தர இடம் பெறுமானால், குறைபாட்டின் பெயர் இல்லாமல் செய்தவர் பெயரோடு மட்டும் இடம் பெறுமானால், வடக்கின் மற்ற அறக்கட்டளைகளுக்கு வேறு பாடம் தேவைப்படாது.

தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம் என்பது கற்பனைச் சரக்கல்ல. ஸ்பெயினில் பார்வையற்றோர் தேசிய அமைப்பான ஓன்சே 1938இல் தொடங்கியது. அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பனைதான் அதன் வருவாய். பார்வையற்றவர்களே தெருவில் நின்று விற்றார்கள். பிச்சைப் பாத்திரத்துக்குப் பதிலாக வேலை கொடுத்த ஏற்பாடு அது. 1992இல் அந்த அமைப்பு மட்ரிட் நகரில் திறந்த அருங்காட்சியகத்தில் உலகக் கட்டடங்களின் மாதிரிகளைக் கையால் தடவி அறியலாம். பார்வையற்ற கலைஞர்களின் படைப்புகளும் அங்கே உண்டு. 1988இல் உருவான ஓன்சே அறக்கட்டளை 2006 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை சமகாலக் கலைக் கண்காட்சி நடத்துகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞரும் மற்றவரும் அதில் ஒன்றாகக் காட்சிப்படுத்துகிறார்கள். அவர்களின் பணபலம் நமக்கு இல்லை. ஆனால் பணத்தைவிட முக்கியமான ஒன்று அங்கே இருக்கிறது: ஓன்சேயை நடத்துகிறவர்கள் பார்வையற்றவர்களே. யாருக்காகக் கண்காட்சியோ அவர்களே தீர்மானிக்கும் மேசையில் இருக்கிறார்கள். நம்மிடம் கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்காக 1956இல் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கிறது. சுன்னாகத்தில் பார்வையற்றோருக்கான வாழ்வகம் இருக்கிறது. இவற்றில் படித்து வந்தவர்கள் ஆசிரியர்களாக, இசைக்கலைஞர்களாக இருக்கிறார்கள். ஒரு கண்காட்சியின் ஏற்பாட்டுக் குழுவில் அவர்களில் ஒருவரைக் காண்பதுதான் அரிது. நிறைவு விழாவில் பாட அழைப்பார்கள், திட்டமிடும் கூட்டத்துக்கு அழைக்கமாட்டார்கள்.

தொண்டைமானாறு இதற்குப் பொருத்தமான இடம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் எளிது. கண்காட்சிக்குச் சனத்தைக் கூட்டுவது கடினம், சனம் கூடும் இடத்துக்குக் கண்காட்சியைக் கொண்டுபோவது சுலபம். ஆவணித் திருவிழா நாட்களில் குடாநாடே சந்நிதிக்கு வருகிறது. கச்சான்கடைக்கும் வளையல்கடைக்கும் இடம் இருக்கிற வீதியில் மடம் ஒன்றின் திண்ணையைச் சித்திரத்துக்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல. படங்களை நின்றவரின் கண்மட்டத்தில் மாட்டாமல், அமர்ந்தவருக்கும் பிள்ளைக்கும் எட்டும்படி ஒரு முழம் தாழ்த்தி மாட்டலாம். வீதியிலிருந்து திண்ணைவரை பலகையோ இறப்பர் விரிப்போ போட்டால் சில்லு புதையாது. தேர்ச்சிற்பியைக் கூப்பிட்டு யாளியின் தலை ஒன்றை முடியாத நிலையில் வைத்து, வருகிறவர்கள் தடவிப் பார்க்க விடலாம். உளி எந்தத் திசையில் போனது என்பது விரலுக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திர மாணவர்கள் விளக்கம் சொல்லலாம். கைதடியிலிருந்து சைகைமொழி தெரிந்த இருவர் வந்தால், காது கேளாதவருக்கு யாளியின் கதை கிடைக்கும். விளக்கக் குறிப்புகளை 'பிரபஞ்சத்தின் மௌன வெளியில்' என்று தொடங்கும் தமிழில் எழுதாமல், படித்தால் விளங்கும் தமிழில் எழுத வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிச் சனம் உள்ளே வரும்.

இதில் ஆபத்தும் இல்லாமலில்லை. கோயில் வீதியில் நடக்கும் கண்காட்சி கோயில் கண்காட்சியாகிவிடலாம். முஸ்லிம் ஓவியரும் கிறித்தவ ஓவியரும் எங்கே நிற்பார்கள்? தெய்வ உருவம் தவிர வேறெதையும் வரையாதே என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? மாற்கு கத்தோலிக்கர், அவருடைய மாணவர்கள் எல்லாச் சமயத்தவரும். ஆகவே மேடை கோயிலுடையதாக இருந்தாலும் தேர்வு கோயிலுடையதாக இருக்கக்கூடாது என்று முதலிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. பின்னால் மனவருத்தப்படுவதைவிட முன்னால் கொஞ்சம் வாய்த்தர்க்கம் பட்டுக்கொள்ளலாம்.

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். மாற்றுத்திறனாளியின் படைப்பு விற்றால் பணம் அவருக்கே போகவேண்டும், 'நிதியத்துக்கு' அல்ல. அவர் பெயரில் சேரும் பணத்தில் அவர் சாயம் வாங்கினாலும் சரி, கொத்துரொட்டி வாங்கினாலும் சரி, அது அவர் பாடு. கலைஞர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்ட பிறகு அவருடைய பணப்பையைக் காவல்காக்க நமக்கு உரிமை கிடையாது.

கடைசியாக, கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து ஊர் அறக்கட்டளைகளுக்குப் பணம் அனுப்புகிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கண்காட்சிக்கோ விசேட பாடசாலைக்கோ காசு அனுப்பும்போது பொதி கொடுக்கும் படத்தைக் கேட்காதீர்கள். ஏற்பாட்டுக் குழுவின் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள். அதில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களில் எவருக்கு வாக்குரிமை உண்டு என்று கேளுங்கள். விடை வந்த பிறகு அனுப்புங்கள்.